கீழ்ச் சத்தம்

கன்னியப்பனைப் பற்றி ஒரகடம் கூட்ரோட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆயில் பார்க்காமல் ஓட்டி இன்ஜினை எரித்த டிரைவர். பதினெட்டு வருஷம் வண்டி ஓட்டிய மனிதரைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அது பொய். பொய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பொய்யில் பாதி என் கையால் ஆனது. நல்ல பெயர் வாங்குவதற்காக இதை எழுத உட்காரவில்லை. படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள்.

அவர் வைப்பூர்க்காரர். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், பிள்ளைகள் ஐந்து பேர். அந்த நிலம் அத்தனை வயிற்றுக்கும் காணாது என்பது பதினாலு வயதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் அடுத்தவர் டிராக்டர், பிறகு லாரியில் கிளீனர், பிறகு ஹெவி லைசென்ஸ். 1991ல் அவருக்கு முப்பத்தொன்பது வயது. வண்டி ஓட்டிய பதினெட்டு வருஷத்தில் கடைசிப் பதினோரு வருஷம் கோபால் என்பவரிடம் டிப்பர் ஓட்டினார். கோபாலுக்கு மூன்று டிப்பர். எருமையூர் குவாரியில் ஜல்லி ஏற்றி எங்கெங்கோ கட்டடம் எழும்பும் இடங்களில் கொட்டுகிற வேலை.

குடிக்க மாட்டார், பாதி வழியில் டீசலை இறக்கி விற்க மாட்டார். இந்த இரண்டும் இல்லாத டிரைவர் அப்போது எங்கள் பக்கம் அபூர்வம். காலையில் சாவி போடுவதற்கு முன்னால் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். குச்சியைத் துடைக்கத் துணி தேட மாட்டார், லுங்கியின் இடது ஓரத்திலேயே துடைத்துக்கொள்வார். அவரிடம் இருந்த எல்லா லுங்கியிலும் அந்த ஓரம் மட்டும் கறுப்பாக இருக்கும். துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று அவர் மனைவி பாப்பம்மாள் கடைக்கு வரும்போதெல்லாம் என்னிடம் புலம்புவார்.

என் பெயர் ஜாஸ்மின். அந்த வருஷம் எனக்கு இருபத்துமூன்று. குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, கூட்ரோட்டில் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கவுன்ட்டரில் நிற்பேன். முதலாளி சாயங்காலம்தான் எட்டிப் பார்ப்பார். லாரி சாமான் விற்கும் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. புதுசு வாங்க வருபவர் பழசைக் கையோடு கொண்டுவர வேண்டும். வாயால் சொல்லும் சைஸை நம்பிக் கொடுத்தால் மறுநாள் சண்டைக்கு வருவார்கள். அதனால் பழசை வாங்கி, அளந்து, அதே சைஸில் புதுசு எடுத்துத் தருவோம். பழசை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கவுன்ட்டருக்கு அடியில் ஒரு பெரிய கிரீஸ் டப்பாவில் அதையெல்லாம் போட்டு வைத்திருப்பேன்.

கடைக்கு நேர் எதிரே லாரி மெக்கானிக் நடேசன் மேஸ்திரியின் ஷெட். மேஸ்திரி என்றால் அந்த ரோட்டில் அவர் ஒருவர்தான். இன்ஜினில் ஏதாவது சத்தம் என்று வண்டி வந்தால், ஓடுகிற இன்ஜின் மேல் ஒரு நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் இருமக்கூட மாட்டார்கள். கண்ணைத் திறந்ததும் ஒரே வார்த்தை சொல்வார். மேல் அல்லது கீழ்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுகிறேன். மேல் சத்தம் என்றால் மேலே வால்வுப் பக்கம் ஏதோ லூஸாகியிருக்கிறது, அரை நாள் வேலை, யார் மேலும் பழி இல்லை. கீழ்ச் சத்தம் என்றால் அடியில் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் போய்விட்டது. அது உருண்டை பேரிங் அல்ல, இரண்டு அரைவட்டத் தகடுகள் சேர்ந்த ஜோடி. ஆயில் போய்ச் சேராவிட்டால் அது உரசி, கருகி, தின்றுபோகும். ஆயில் பார்ப்பது டிரைவர் பொறுப்பு. ஆகவே மேஸ்திரி "கீழ்" என்று சொன்னால் இன்ஜினோடு சேர்த்து டிரைவரையும் இறக்கிவிட்டார் என்று அர்த்தம். பத்துக்கு ஒன்பது தடவை அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பத்தாவது தடவையை ஒப்புக்கொள்ளும் பழக்கம்தான் அவருக்கு இல்லை.

அந்த ஆகஸ்டில் மறைமலை நகரில் ஒரு ஃபேக்டரி, ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவர் எடுத்தது. பர்மனென்ட் வேலை. யூனிஃபார்ம், லீவு, கான்டீன் சாப்பாடு, உடம்புக்கு வந்தால் வைத்தியம். திங்கட்கிழமை காலை இண்டர்வியூ. லைசென்ஸும், இத்தனை வருஷம் ஓட்டினார் என்று ஓனர் தரும் லெட்டரும் கொண்டுபோக வேண்டும். கன்னியப்பன் இதை என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பார். குவாரியில் கூலி வேலைக்குப் போன பாப்பம்மாளுக்குக் கல் தூசியில் அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது, குவாரியிலிருந்து அவரை நிறுத்த வேண்டும் என்பதுதான் அவருக்குப் பெரிய எண்ணம். கோபால் லெட்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் மனசில்லாமல் சொன்னார் என்பது எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருஷம் முதுகு ஒடிய உழைத்தவன் நல்ல இடத்துக்குப் போகிறான் என்றால் சிலருக்கு வயிறு எரியும்.

அதற்கு முந்தின புதன்கிழமை, லோடு இறக்கிவிட்டு வரும் வழியில் டிப்பரில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. வேறொரு டிரைவர் என்றால் நாலு நாள்தானே என்று ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை கிளம்பிப் போயிருப்பான். கன்னியப்பன் அங்கேயே அணைத்து, இன்னொரு லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து மேஸ்திரி ஷெட்டில் நிறுத்தினார். நல்லவராக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் அவர் மேல் எரிச்சல் வரும்.

மேஸ்திரி கம்பியை வைத்தார், கண்ணை மூடினார், "கீழ்" என்றார். கோபாலும் வந்துவிட்டிருந்தார். கன்னியப்பன், காலையில்கூட ஆயில் சரியாக இருந்தது என்று சொல்லிக் குச்சியை உருவிக் காட்டினார். அளவு சரியாகத்தான் இருந்தது. சத்தம் வந்த பிறகு வழியில் ஊற்றியிருப்பான் என்றார் மேஸ்திரி, அவர் முகத்தைப் பார்க்காமலே. அப்போது கன்னியப்பன் ஒன்று கேட்டார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஃபேன் பெல்ட்ட கயட்டிட்டு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமா மேஸ்திரி? முன்னாடி புல்லி ஆடுற மாரி கீது."

கிராங்க்கின் முன் முனையில் பெல்ட்டை ஓட்டும் சக்கரமான புல்லி லூஸானாலும் அச்சு அசலாக அதே சத்தம்தான் வரும். பெல்ட்டைக் கழற்றினால் சத்தம் மாறிவிடும், குட்டு உடைந்துவிடும். பத்து நிமிஷ வேலை. அவர் கேட்டது அவ்வளவு சரியான கேள்வி. சரியான கேள்வியாக இருந்ததால்தான் மேஸ்திரி அதைச் செய்யவில்லை. ஷெட் முழுக்க ஆட்கள் நிற்க, ஒரு டிரைவர் சொல்லி அவர் பெல்ட்டைக் கழற்றுவதா. "நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியா?" என்று கேட்டுவிட்டு இன்ஜினை இறக்கச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் மேஸ்திரி என் கடைக்கு வந்தார். வேலையாளை அனுப்பாமல் அவரே வந்தது முதல் ஆச்சரியம். ஒரு செட் பேரிங் கேட்டார், புல்லிக்கு ஒரு நட்டும், அதைக் கிராங்க்கோடு பூட்டும் சாவி என்கிற சின்ன இரும்புத் துண்டும் கேட்டார். பழசு எங்கே மேஸ்திரி என்றேன். ஸ்டாண்டர்டு சைஸ் கொடு போதும் என்றார். எரிந்த இன்ஜினுக்கு ஸ்டாண்டர்டு சைஸ், அதாவது கம்பெனியிலிருந்து வந்த அதே அளவு, போடுவது நடக்காத விஷயம். எரிந்தால் கிராங்க் தேயும், தேய்ந்த கிராங்க்கைப் பட்டணத்துக்கு அனுப்பி அரைத்து வந்து கனம் கூடிய அடுத்த சைஸ் பேரிங் போடுவார்கள். ஸ்டாண்டர்டு கேட்கிறார் என்றால் கிராங்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. புல்லி சாவி கேட்கிறார் என்றால் கன்னியப்பன் சொன்னதுதான் சரி. மூன்று வருஷம் கவுன்ட்டரில் நின்றவளுக்கு இது புரிய அரை நிமிஷம் ஆகவில்லை.

புதுசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் அவர் போகவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அந்த டப்பால எரிஞ்ச பேரிங் ஒரு ஜோடி இருந்தா குடும்மா."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எதற்கென்று தெரிந்திருந்தது. கடையில் பாதி வியாபாரம் அவரால் நடந்தது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி என்னை மறுநாளே நிறுத்திவிடுவார், வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இதெல்லாம் காரணங்கள். காரணங்கள் எல்லாருக்கும் இருக்கும். நான் குனிந்து, டப்பாவைக் கிளறி, நன்றாகக் கருகிய ஒரு ஜோடியைத் தேடி எடுத்து, ஒரு காகிதத்தில் சுற்றியும் கொடுத்தேன். பழசு இல்லாமல் வந்தவர் பழசோடு திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை ஷெட்டில் பஞ்சாயத்து மாதிரி கூட்டம். மேஸ்திரி அந்த ஜோடியைப் பேப்பர் மேல் வைத்துக் காட்டினார். தான் சீக்கிரம் கண்டுபிடித்ததால் கிராங்க் தப்பித்தது என்று அதற்கும் ஒரு பெருமை சேர்த்துக்கொண்டார். கன்னியப்பன் அந்தத் தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லுங்கியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார், தினமும் குச்சியைத் துடைக்கும் கறை இது, பாருங்கள் என்று. கோபாலின் மச்சினன், இது போன வருஷக் கறையா இந்த வருஷக் கறையா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கன்னியப்பனும் குனிந்து அந்தக் கறையை உற்றுப் பார்த்தார். கடையை விட்டு நான் இறங்கவில்லை.

டிரைவர்களின் லைசென்ஸ் எப்போதும் ஓனரிடம்தான் இருக்கும். கோபால் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார். எல்லார் முன்னாலும் தப்பை ஒத்துக்கொண்டால் இப்போதே லைசென்ஸைத் தருவதாகவும், லெட்டர் மட்டும் கிடையாது என்றும் சொன்னார்.

"பண்ணாதத எப்டி ஒத்துக்கறது மொதலாளி?" என்றார் கன்னியப்பன்.

வேலையும் போனது, லைசென்ஸும் கோபாலின் பையிலேயே போனது.

திங்கட்கிழமை காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு கூட்ரோட்டில் மறைமலை நகர் பஸ்ஸுக்கு நின்றார். லைசென்ஸ் இல்லாமல் போய் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போய், கேட்டில் நின்று, லைசென்ஸ் ஓனரிடம் இருக்கிறது, நம்பர் மனப்பாடமாகத் தெரியும் என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார். நம்பரை ஒப்பித்தும் காட்டியிருக்கிறார். வாட்ச்மேன் இரண்டாவது தடவை ஒப்பிக்கச் சொல்லிப் பக்கத்து ஆளோடு சேர்ந்து கேட்டு ரசித்துவிட்டு அனுப்பிவிட்டான். மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் என் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இதை அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அவர் போவதற்கு முன்னால் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்கு நான் ஆயில் பார்க்கவில்லையா என்று முதலில் கோபமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சந்தேகமாகக் கேட்டார். புதன்கிழமை காலையில் பால்காரன் கூப்பிட்டதில் மறந்திருப்பேனோ, செவ்வாய்க்கிழமை பார்த்ததைப் புதன் என்று நினைத்துக்கொள்கிறேனோ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். பாப்பம்மாளைக்கூட, நீ பார்த்தாயா சொல்லு என்று பிடித்து உலுக்கியிருக்கிறார். தன் கை செய்ததைத் தானே நம்ப முடியாத நிலைக்கு ஒரு மனிதரைக் கொண்டுபோய் விட்டோம். பெல்ட்டைக் கழற்றச் சொல்லிக் கேட்டது அவருக்கே மறந்துவிட்டது.

அக்டோபரில் ஒருநாள் டீக்கடை முன்னால் கோபாலைப் பார்த்து, ஆமாம், ஆயில் பார்க்கவில்லை, நான்தான் எரித்தேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். கோபால் பெரிய மனது பண்ணி லைசென்ஸைக் கொடுத்தார். ஆனால் வாயாலேயே ஒப்புக்கொண்டவனை நம்பி யார் வண்டி கொடுப்பார்கள்? ஒரு ஆளும் கொடுக்கவில்லை. கடைசியில் நடேசன் மேஸ்திரியே அவரைச் சேர்த்துக்கொண்டார், கழற்றிய சாமான்களை டீசலில் கழுவுகிற வேலைக்கு. மேஸ்திரிக்கு என்ன இளகிய மனசு என்று கூட்ரோடே புகழ்ந்தது. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாப்பம்மாள் இருமிக்கொண்டே குவாரிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

டிசம்பரில் எல்லப்பன் என்று ஒரு செங்கல் லாரி டிரைவர். அவன் வண்டியிலும் சத்தம், கம்பி வைத்துப் பார்த்த மேஸ்திரி "கீழ்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எல்லப்பன், சத்தியமாக ஆயில் பார்த்தேன் என்று அழுதுகொண்டிருந்தான். டீசல் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து கன்னியப்பன் அவனை அதட்டினார். மேஸ்திரி காது தப்புப் பண்ணாது, நானே எரித்தவன், எனக்குத் தெரியும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கழுவுகிற பிரஷ் வாங்க அவர் கடைக்கு வந்தார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஸ்டாண்டர்டு சைஸ் வாங்கியதை, புல்லி சாவியை, டப்பாவை, எல்லாவற்றையும். புல்லியைப் பற்றி அவர் கேட்ட கேள்வியையும் நினைவுபடுத்தினேன். பாரம் இறங்குவது என்னுடையது என்று அப்போது நினைத்தேனே தவிர, அது யார் தலையில் ஏறும் என்று யோசிக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. நம்பாமலும் இல்லை. கவுன்ட்டர் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"எட்த்துக் குட்த்தது யாரும்மா?"

"நான்தான்ணா."

"திங்கக்கெழமைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மேஸ்திரி ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்பார், ஏன் மறைத்தாய் என்று கேட்பார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. வியாழக்கிழமை என்றேன். இண்டர்வியூவுக்கு முன்னால் மிச்சமிருந்த நாட்களை எண்ணுவதுபோல், வெள்ளி, சனி, ஞாயிறு என்று அவர் உதடு அசைந்தது. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார்.

மேஸ்திரி இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. ஷெட்டில் எல்லப்பன் மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போய்ச் சொல்லப்போகிறார், பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். கன்னியப்பன் அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோளில் கை வைத்தார்.

"உம்மேல தப்பு இல்லன்னாலும் ஒத்துக்கடா. நாளிக்கு நாளன்னிக்குன்னு தள்ளாத. இன்னிக்கே ஒத்துக்க, லைசென்ஸாவது கைக்கு வரும்."

மேஸ்திரி கை கழுவிவிட்டுச் செங்கல் லாரி ஓனரோடு வந்ததும் எல்லப்பன் எழுந்து நின்று, ஆயில் பார்க்கவில்லை என்று சொன்னான். இன்ஜினை அப்போது இறக்கக்கூட இல்லை.